பிடித்த செய்தியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்ச் செய்திகளின் நம்பகத்தன்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போலி வீடியோக்களும் வாட்ஸ்அப் வதந்திகளும்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். சரி, அவையும் ஒரு காரணம்தான். ஆனால் நிருபர், உதவி ஆசிரியர், செய்தி ஆசிரியர் என்று பல கைகள் தாண்டி அச்சேறும் பெரிய பத்திரிகைகளே வழுக்கி விழுந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. ரஷ்யப் புரட்சி பற்றி நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட மூன்று ஆண்டுச் செய்திகளை அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் 1920-இல் எடுத்துவைத்து ஆராய்ந்தார்கள். 1917 நவம்பரிலிருந்து இரண்டே ஆண்டுகளில், லெனின் தலைமையிலான போல்ஷெவிக் ஆட்சி இதோ கவிழப்போகிறது அல்லது கவிழ்ந்தேவிட்டது என்று அந்தப் பத்திரிகை 91 முறை எழுதியிருந்தது. ஒரு முறை தவறினால் அவசரம் எனலாம். 91 முறை? நிருபர்களும் ஆசிரியர்களும் எதை விரும்பினார்களோ, எதற்குப் பயந்தார்களோ, அதுதான் செய்தியை வடிகட்டியது என்பது அந்த இருவரின் முடிவு.

எண்பது ஆண்டு கழித்து இராக்கில் அதே கதை. சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அகமது சலாபி போன்ற நாடுகடந்த இராக்கியர்கள் சொன்னதும் அதிகாரிகள் சொன்னதும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு தலைப்புச் செய்திகளாயின. அந்த ஆயுதங்களோ கடைசிவரை கிடைக்கவில்லை. சதாமைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பும் மனநிலை ஏற்கெனவே இருந்ததுதான் காரணம் என்பேன். 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு ஒரு குறிப்பு வெளியிட்டது. பயமுறுத்தும் செய்திகள் எடுப்பாக வந்தன, அவற்றைக் கேள்விகேட்ட பிந்தைய செய்திகள் சில உள்ளே புதைந்தன, சிலவற்றுக்குத் தொடர்செய்தியே போடவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு வந்ததும் பத்தாம் பக்கத்தில்தான்! அதே காலத்தில் நைட் ரிடர் என்ற அமெரிக்கப் பத்திரிகை நிறுவனத்தின் வாஷிங்டன் நிருபர்கள் மேல்மட்டப் பேட்டிகளோடு நிற்காமல் கீழ்நிலை அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் தேடிப்போய்ப் பேசினார்கள். அவர்களுக்கு வேறு கதை கிடைத்தது. எழுதினார்கள், அன்று கவனித்தவர்கள் குறைவு.

2023 அக்டோபர் 17-இல் காசாவின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் நடந்த வெடிப்பையும் பாருங்கள். இஸ்ரேல் தாக்கியதாக ஹமாஸ் தரப்பு சொன்னது உடனே பெரிய தலைப்பானது. அதை அளவுக்கு மீறிச் சார்ந்துவிட்டோம் என்று ஆறு நாள் கழித்து அதே நியூயார்க் டைம்ஸ் குறிப்பு எழுதியது. அப்புறம், இதை ஒன்றை வைத்துக்கொண்டு காசாவிலிருந்து வருவதெல்லாம் பொய் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதுவும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வதுதான்.

வாசகர்களாகிய நாங்களும் யோக்கியம் இல்லை. பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய டிவி செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர்கள் போட்டுக்காட்டினார்கள். இரு தரப்புக்கும் ஒரே காட்சிகள். இரு தரப்பும், இது எங்களுக்கு எதிராகத் திரித்த செய்தி என்றார்கள். 1985-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆக, வாசகர் திட்டுகிறார் என்பதாலேயே உங்கள் செய்தி தவறாகிவிடாது. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தால்தான் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். போர்ச் செய்தியின் முதல் இரண்டு வரிக்குள், சொன்னது யார், அவர் எந்தத் தரப்பு, நிருபர் நேரில் பார்த்தாரா என்பது வந்துவிட வேண்டும், எட்டாவது பத்தியில் அல்ல. முதல் பக்கத்தில் வந்தது தவறானால் திருத்தமும் முதல் பக்கத்திலேயே வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் வெளியிட்ட போர்ச் செய்திகளில் எவை உறுதியாயின, எவை பொய்யாயின, எவை இன்னும் தொங்கலில் இருக்கின்றன என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்