பெயர் வராத அன்று வந்த ஃபோன்

கண்ணா,

நீ இந்நேரம் பீனிக்ஸ் விமானத்தில் இருப்பாய், அதனால் எழுதுகிறேன். பேஸ்பால் மேட்ச்சுக்காகத் தமிழ்ப் பள்ளியை எத்தனை ஞாயிறு மட்டம் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். தடுமாறினால் வாய்விட்டுப் படி, வந்துவிடும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேஜர் லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் வாசித்து எடுக்கும் டிராஃப்ட்டின் இருபது சுற்றும் முடிந்து, அறுநூறு பேருக்கு மேல் வாசித்தும் உன் பெயர் வராதபோது, உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. சரி, மாஸ்டர்ஸ் சேர்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்குள் உன் ஃபோன் அடித்தது.

பழைய நாளாக இருந்தால் உன் பெயரும் எங்கோ கடைசியில் வந்திருக்கலாம். 2019 வரை 40 சுற்றுகள். கொரோனா வந்த 2020இல் ஐந்தே சுற்றோடு நிறுத்தி, வெளியே நின்றவர்களுக்கு 20,000 டாலருக்கு மேல் தரக்கூடாது என்றார்கள். மறு வருடம் இருபதாக்கினார்கள், அதற்கு மேல் போகவில்லை.

பெயர் வராதவனை எந்த அணியும் நேரே அழைக்கலாம். அன்று மூன்று அணிகள் உன்னை அழைத்தன. நீ யாருக்கும் உடனே தலையாட்டவில்லை. எந்த அணியில் இடதுகை பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) குறைவு, யார் உன் பக்கவாட்டு எறியை மாற்றச் சொல்லமாட்டார்கள் என்று லேப்டாப்பை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாய். முதல் சுற்றில் கோடிகளுக்குப் போகிறவனுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. எடுத்த அணியோடுதான் அவன் பேச முடியும். குறைந்த பணத்தைச் சொன்ன அணியை நீ தேர்ந்தெடுத்தபோதுதான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த எறியைப் பற்றி நானே எவ்வளவு கத்தியிருக்கிறேன்! எங்கள் தெரு கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிந்தால் ‘மாங்கா’ என்று சொல்லி பந்தைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த ஊர்க்காரனுக்கு நீ பிறந்து எறிவதையே தொழிலாக்கிக்கொண்டாய். நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். டேன் குவிசன்பெரி, 1975இல் டிராஃப்ட் ஆகாமல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸில் சேர்ந்தவர். மொத்தம் 244 சேவ், அதாவது கடைசியில் வந்து அணியின் வெற்றியைக் காப்பாற்றிய ஆட்டங்கள். டேரன் ஓ'டே, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் அதே மாதிரி ஏஞ்சல்ஸுக்குப் போனவர், 2022 வரை மேஜர் லீக்கில் வீசினார். இருவருமே கையைத் தாழ்த்தி எறிந்தவர்கள், வேகத்தை நம்பாதவர்கள். உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும். எனக்கு நேற்றுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதே. ஒரு கிளப் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படி) ஆட்டக்காரர்களை 2024இல் 180லிருந்து 165 ஆகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த ஜூலையில் புதுப் பையன்கள் வருவார்கள். அவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் சேரும்போதே லட்சக்கணக்கில் போனஸ் வாங்கியவனை அவ்வளவு சுலபமாக அனுப்பமாட்டார்கள், உன்னை அனுப்புவார்கள். சம்பளமும் 2023 ஒப்பந்தம் வந்தபோது ஆரம்ப நிலையில் வருடத்துக்கு 19,800 டாலரிலிருந்துதான். மைனர் லீக்கின் மேல்படிகளில் ஒன்றான டபுள்-ஏ போனால் அப்போது 30,250. தங்க இடம் கிளப்பே தருகிறது, அது ஒரு பெரிய ஆறுதல். படிப்புச் செலவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாயா? வாங்கவில்லையென்றால் கையெழுத்துக்கு முன் கேள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டபுள்-ஏ என்றதும் நம் டபுள்-ஏ அணி ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் ஞாபகம் வருகிறது. ஏழு வயதில் உன்னை அங்கே கூட்டிப்போனேன். ஆட்டம் புரியாமல் நான் ஐந்தாவது இன்னிங்ஸில் கிளம்பலாம் என்றேன். நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதாய். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள்.

அரிசோனா வெயில் நம் கத்திரி வெயிலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், தண்ணீர் நிறையக் குடி. அப்புறம், ரூமில் ரைஸ் குக்கர் வைக்க விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். விடுவார்கள் என்றால் சின்னது ஒன்றைப் பருப்புப் பொடியோடு பார்சலில் அனுப்புகிறோம்.

அப்பா