ஸ்கேன் சென்டர் டாக்டர்களே, கதிர்வீச்சு அளவு என்ற அந்த ஒரு எண்ணையும் ரிப்போர்ட்டில் போடுங்கள்

சிடி ஸ்கேன் சென்டர் நடத்துகிறவர்களுக்கும், அங்கே ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி டாக்டர்களுக்கும் வணக்கம்.

2021 மே மாதம் ஞாபகம் இருக்கும். கொரோனா இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே ஜனங்கள் நெஞ்சு சிடி எடுக்க ஓடியபோது, எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா ஒரு சிடியின் கதிர்வீச்சு 300, 400 நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்றார். உடனே உங்கள் சங்கம் மறுத்தது: இப்போதைய குறைந்த கதிர்வீச்சு முறையில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதானாம். பத்தா, நானூறா? கேட்டவர்களுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். எந்த உறுப்பு, என்ன மெஷின், அதை எப்படி செட் பண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும், சரி. ஆனால் எனக்கு எடுத்த ஸ்கேனில் எவ்வளவு என்று உங்கள் மெஷினுக்குத் தெரியுமே!

சமீபத்தில் என் அக்காவுக்கு வயிற்று சிடி எடுத்தோம். கிட்னி எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள், படம் தெளிவாகத் தெரியப் போடும் காண்ட்ராஸ்ட் ஊசிக்கு அலர்ஜி உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், ஊசி போட்டதும் உடம்பு சூடாகும், பயப்படாதீர்கள் என்றுகூடச் சொன்னார்கள். கதிர்வீச்சு பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து டிஸ்க்கை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், படங்களுக்குப் பின்னால் டோஸ் (கதிர்வீச்சு அளவு) ரிப்போர்ட் என்று தனியாக ஒரு பக்கம், அதில் டி.எல்.பி. என்று ஓர் எண்; ஸ்கேன் முழுக்க மெஷின் கொடுத்த கதிர்வீச்சின் கணக்கு அது. பெரியவர்களின் வயிற்று ஸ்கேன் என்றால் அதை 0.015-ஆல் பெருக்கினால் உடம்புக்குக் கிடைத்த கதிர்வீச்சு எவ்வளவு என்பது தோராயமாக மில்லிசீவர்ட் என்ற அலகில் வந்துவிடும். கல்லீரலையும் கிட்னியையும் அளந்து எழுதிய ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு மட்டும் இடமில்லை.

சொன்னால் பயந்து ஸ்கேனே வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்பீர்கள். மயக்க மருந்தின் ஆபத்தைச் சொல்லித்தானே ஆபரேஷன் செய்கிறார்கள், யாராவது எழுந்து ஓடுகிறார்களா? வயிற்று சிடி ஒன்று சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்குத் தானாக வருவது உலக சராசரியில் வருடத்துக்கு 2.4. ஆக மூன்று, நாலு வருடத்துக்கானது ஒரே நாளில், அதனால் புற்றுநோய் வாய்ப்பு கூடினாலும் மிகக் கொஞ்சம்தான் என்று சொன்னால் எங்களுக்குப் புரியும். தலையில் அடிபட்டு வருகிறவருக்கு சிடி வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

என் கவலை திரும்பத் திரும்ப எடுப்பதில்தான். கிட்னியில் கல் என்று இருபது வயதுப் பையனுக்கு ஒவ்வொரு தடவையும் சிடி, டாக்டர் மாறினால் 'அங்கே எடுத்தது செல்லாது' என்று இன்னொன்று. அல்ட்ராசவுண்டுக்கும் எம்ஆர்ஐக்கும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது, அதில் பார்க்க முடியுமா என்று கேட்கலாம் என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் 2012 ஜூலையிலிருந்து சிடி டோஸை ரிப்போர்ட்டில் பதிவது சட்டம். நீங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி, டோஸ் இவ்வளவு என்று. முதலில் குழந்தைகளின் ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள், அவர்கள் உடம்புதான் கதிர்வீச்சை அதிகம் தாங்காது.