மூன்றே முக்கால் மில்லிகிராம் இரும்பு

டேய் தராசு,

உன் கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. சாக்கு ஒன்றுமில்லை, சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. இங்கே எல்லோரும் சுகம். குண்டுமணிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து, படியேறி வந்து வம்பளக்கிற அளவுக்குத் தேறிவிட்டான். பெரியவர் இன்னும் அந்த சைக்கிளை விடவில்லை. சம்பிரதாயம் முடிந்தது.

உன் மாணவிக்கு நிகோசியாவில் ஆராய்ச்சி இடம் கிடைத்ததும், எகிப்துக்காரர்களோடு சேர்ந்து சைப்ரஸில் பழங்காலத்தில் செம்பு உருக்கியபோது மிஞ்சிய கசடுகளை ஆராயப்போவதும், அளவீடு ஜோர்டானில் செசமியில் என்பதும் தாஸு சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கு வாய் இல்லையா? போதாக்குறைக்கு அவனிடம், “சண்டை நடக்கிற இடத்தில் இத்தனை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வேலை பார்ப்பதெல்லாம் ஆகிற காரியமா?” என்று கேட்டாயாம். ஆகிற காரியம்தான், பல வருஷமாக ஆகிக்கொண்டும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வேலை கெடுவதென்றால் பெரும்பாலும் அவள் அரைக்கிற பொடியில்தான் கெடும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. செசமி என்றதும் உனக்கு எள்ளுருண்டைதான் ஞாபகம் வரும். அது அம்மானுக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில், அல்லான் என்ற ஊரில் இருக்கும் சிங்க்ரோட்ரான், அதாவது எலக்ட்ரான்களை வளையத்தில் வேகமாகச் சுற்றவிட்டு அவை வீசும் எக்ஸ்கதிரை ஆய்வுக்குத் தரும் இயந்திரம். 1995 நவம்பரில் சினாய் கடற்கரை தஹாபில் ஒரு கூடாரத்துக்குள் நடந்த கூட்டத்தில் இதற்கு விதை விழுந்தது. இஸ்ரேல் பிரதமர் ராபின் சுட்டுக்கொல்லப்பட்டுச் சில வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அரபு விஞ்ஞானிகளும் இஸ்ரேல் விஞ்ஞானிகளும் ஒன்றாக எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். 1997-ல் ஹெர்மன் வினிக்கும் குஸ்டாவ்-அடால்ஃப் ஃபோஸும், பெர்லினில் மூடவிருந்த பெஸ்ஸி-1 என்ற பழைய சிங்க்ரோட்ரானை இந்தப் பக்கம் கொண்டுவரலாம் என்றார்கள். இரும்புக்கடைக்குப் போகவேண்டிய சாமான் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

இன்று சைப்ரஸ், எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்டான், பாகிஸ்தான், பாலஸ்தீனம், துருக்கி எல்லாம் உறுப்பினர்கள். துருக்கி சைப்ரஸை அங்கீகரிக்கவில்லை, ஈரானும் பாகிஸ்தானும் இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பட்ஜெட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். எலக்ட்ரான்களை வளைத்துக் குவிக்கிற காந்தங்களும் இப்படித்தான் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 50 லட்சம் யூரோ கொடுக்க, ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் மேற்பார்வை பார்த்தது. ஆறுமுனைக் காந்தங்களில் ஒரு பகுதி சைப்ரஸிலும் ஒரு பகுதி பாகிஸ்தானிலும் செய்யப்பட்டவை. நான்குமுனைக் காந்தங்களில் ஸ்பெயினுக்கும் துருக்கிக்கும் பங்கு உண்டு. 2017 மே 16 அன்று திறப்புவிழா, அடுத்த வருஷமே வெளி ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள்.

நடுவில் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2013 டிசம்பரில் பனி கொட்டி, கூடத்தின் கூரையே இடிந்து விழுந்தது. ஈரான் தன் பங்குப் பணத்தைக் கட்டத் தயாராக இருந்தும், பொருளாதாரத் தடையால் எந்த வங்கியும் அதைக் கடத்திக் கொடுக்கவில்லை. கரன்ட் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் 2019-ல் 6.48 மெகாவாட் சூரிய மின்நிலையம் போட்டார்கள். அதன் பிறகுதான் கணக்கர்கள் மூச்சு விட்டார்கள்.

ஒன்றை மட்டும் கிண்டலில்லாமல் சொல்கிறேன். செசமியோடு தொடர்பிலிருந்த ஈரானிய இயற்பியலாளர்கள் இருவர், மசூத் அலிமொஹம்மதியும் மஜீத் ஷஹ்ரியாரியும், 2010 ஜனவரியிலும் நவம்பரிலும் டெஹ்ரானில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். உன் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். அவளுடைய அப்பா அம்மா கேட்டால் மறைக்காமல் சொல்.

இனி பொடி.

கசடில் இரும்பு ஈரிணைதிறனில் இருக்கிறதா மூவிணைதிறனில் இருக்கிறதா (இரண்டு எலக்ட்ரானை இழந்ததா, மூன்றை இழந்ததா) என்பதைக் கண்டால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய உலைக்குள் காற்று எப்படி இருந்தது என்று சொல்லலாம். அதற்கு எக்ஸ்கதிர் உறிஞ்சல் அளவீடு. இரும்பு எக்ஸ்கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல், அதாவது அதன் விளிம்பு, 7112 எலக்ட்ரான் வோல்ட். ஈரிணைக்கும் மூவிணைக்கும் நடுவே விளிம்பு நகர்வது மூன்று நான்கு எலக்ட்ரான் வோல்ட்தான். இவ்வளவு சின்ன நகர்வைப் பிடிக்கப் போகும்போது, பொடியை அழுத்திச் செய்கிற வில்லை தப்பாக இருந்தால் இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக ஓடியும் பிரயோஜனமில்லை.

கணக்கு உனக்குப் பிடிக்கும், தராசு. 13 மில்லிமீட்டர் அச்சில் வில்லை அழுத்தினால் பரப்பு 1.33 சதுர சென்டிமீட்டர். விளிம்பில் உறிஞ்சல் தாவுகிற அளவு 1 ஆக வரவேண்டும், மொத்த உறிஞ்சல் இரண்டரையைத் தாண்டக்கூடாது. தாவல் 1 வர அந்தப் பரப்பில் இருக்கவேண்டிய இரும்பு சுமார் மூன்றே முக்கால் மில்லிகிராம். ஒப்பீட்டுக்கு ஹேமடைட் (இரும்பு ஆக்சைடு) வில்லை செய்தால் 5.3 மில்லிகிராம் ஹேமடைட். கசடில் 40 சதவீதம் இரும்பு இருந்தால் 9.3 மில்லிகிராம் கசடு. இதை 100 மில்லிகிராம் செல்லுலோஸிலோ போரான் நைட்ரைடிலோ கலக்கவேண்டும். கசடில் இரும்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே வேறு வழியில் அளந்து வைத்துக்கொள்ளச் சொல். குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு அங்கே போய் முழிக்கக்கூடாது.

எடை சரியாக இருந்தும் வில்லை தோற்பது துகள் அளவில். விளிம்புக்கு மேலே ஹேமடைட்டுக்குள் கதிர் போகிற தூரமே ஆறேழு மைக்ரான்தான். துகள் அதைவிடப் பெரிதாக இருந்தால், துகள் இருக்கிற இடத்தில் கதிர் முழுக்க நின்றுபோகும், இல்லாத இடத்தில் ஓட்டைக் கூரையில் வெயில் இறங்குகிற மாதிரி அப்படியே இறங்கிவிடும். டிடெக்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்து ஒரு சராசரி கொடுக்கும். விளைவு, விளிம்புக்கு மேலே உறிஞ்சல் கோட்டில் தெரிகிற அலைகளின் உயரம் குறையும். இரும்பைச் சுற்றி எத்தனை அணுக்கள் என்று எண்ணுவது அந்த உயரத்தை வைத்துத்தான். ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கிற இரும்பை ஐந்து என்று கணக்கிட்டு, “புதிய கட்டமைப்பு” என்று கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. பொடியில் ஓட்டை இருந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

இருபது மைக்ரான் சல்லடையில் சலித்தேன் என்று பெருமைப்பட்டால் போதாது. அகேட் கல்வத்தில், எத்தனாலோ அசிட்டோனோ விட்டு, குழம்பு மாதிரி அரைக்கவேண்டும். காற்றில் காய அரைத்தால் சூட்டில் ஈரிணை இரும்பு கொஞ்சம் மூவிணையாகிவிடும், அவள் தேடிப்போன விஷயமே கைநழுவிவிடும். எஃகு உருளை போட்ட அரவை இயந்திரத்தை இரும்பு வேலைக்குத் தொடவே கூடாது, காரணம் நான் சொல்லவேண்டியதில்லை. அரைத்ததை உயரமான குழாயில் அசிட்டோனில் கலக்கி நிறுத்தினால் பெருந்துகள் அடியில் போய்விடும். மேலே மிதக்கிற கலங்கலை மட்டும் பிப்பெட்டில் எடுத்து உலர்த்தவேண்டும். ஆனால் கசடு ஒரே பொருளல்ல. கனமான கனிமமும் கடினமான கனிமமும் அடியில் தங்கி, மேலே வந்தது வேறு விகிதமாகிவிடலாம். ஆகவே அடியில் தங்கியதைக் கொட்டாமல் மறுபடி அரைத்து, மொத்தமும் மேலே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கைதான் வலிக்கும். பெரியவர் இருந்தால் “வலிக்கட்டும்” என்பார்.

அழுத்தும்போது 5 டன் போதும், இரண்டு நிமிஷம் வைத்து மெதுவாக விடவேண்டும். சட்டென்று விட்டால் வில்லை தோசை மாதிரி மேலடுக்கு கழன்று வரும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து கீறல் தெரிந்தால் உடைத்து மறுபடி அழுத்தவேண்டியதுதான். பிறகு இருபக்கமும் காப்டன் டேப். பெயரைக் கேட்டதும் நீ கண் சிவந்து கையை ஓங்குவாய் என்று தெரியும், அந்தக் கேப்டன் இல்லை இது. மஞ்சள் பழுப்பு நிறத்தில் பளபளக்கிற டேப்.

தடிமனாகச் செய்தால் பலமான சிக்னல் வரும் என்று நினைப்பது இன்னொரு தப்பு. கதிரிலிருந்து வேண்டிய ஆற்றலைப் பிரிக்கிற சிலிக்கான் படிகம் 7112-ஐத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மூன்று மடங்கையும், அதாவது 21,336-ஐயும் கொஞ்சம் விட்டுவிடும். கதிர்ப் பாதையிலுள்ள எதிரொளிக்கும் கண்ணாடிகள் அதைப் பெரும்பாலும் வடிகட்டும், மிச்சம் வரும். தடித்த வில்லை வேண்டிய கதிரை நிறுத்திவிட்டு வேண்டாததை வழிவிட்டு அனுப்பும். மறுபடி அதே கதை, அலை உயரம் குறையும். இதற்குப் பயந்து, ஊடுருவி வரும் கதிரை விட்டுவிட்டு மாதிரி திருப்பி உமிழும் எக்ஸ்கதிரை அளக்கிற ஒளிர்வு முறையில் அளக்கிறேன் என்று அவள் கிளம்பினால் தடுத்து நிறுத்து. இரும்பு இவ்வளவு செறிவாக இருக்கையில் ஒளிர்வு தன்னைத்தானே விழுங்கிக்கொள்ளும். அந்த முறை மண்ணில் இருக்கிற சொற்ப ஈயத்துக்குச் சரி. அதிலும் ஈயத்தை அளக்கும்போது ஆர்செனிக் இருந்தால் தொல்லை; இரண்டின் ஒளிர்வும் பத்தரை கிலோ எலக்ட்ரான் வோல்ட்டையொட்டி ஒன்றன்மேல் ஒன்று விழும், நம் வகுப்பு இரட்டையர் மாதிரி.

அல்லானில் இன்னொரு விசேஷம். பெர்லினிலிருந்து வந்த மைக்ரோட்ரானும் பூஸ்டரும் என்ற முதற்கட்ட முடுக்கிகள் எலக்ட்ரானை 80 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரைதான் ஏற்றும். 133.2 மீட்டர் சுற்றளவுள்ள பெரிய வளையம் அதை வாங்கி 250 கோடிக்குத் தானே ஏற்றிக்கொள்ளவேண்டும். அதனால் ஓடுகிற கற்றையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்ப வழியில்லை. மின்னோட்டம் மணிக்கு மணி குறையும், பிறகு கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். நிரப்பியதும் படிகத்தின்மேல் சூடு மாறும், ஆற்றல் அளவு துளி நகரும். அதற்குத்தான் ஒவ்வொரு ஸ்கேனிலும் வில்லைக்குப் பின்னால் இரும்புத் தகடு ஒன்றை வைத்துக் கூடவே அளப்பது. ஒருமுறை காலையில் அளந்துவிட்டு நாள் முழுக்க அதையே நம்பினால், நாலு எலக்ட்ரான் வோல்ட் நகர்வில் எது இரும்பு செய்தது, எது படிகம் செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கற்றை நேரம், அதாவது இயந்திரத்தில் அளக்கும் நேரம், கேட்கும்போதும் கணக்குப் போடச் சொல். ஒரு ஸ்கேன் 40 நிமிஷம், ஒரு வில்லைக்கு மூன்று ஸ்கேன், இருபது வில்லை என்றால் 40 மணி நேரம், அதாவது எட்டு மணி ஷிஃப்ட் ஐந்து. ஒப்பீட்டு வில்லைகளும் சீரமைப்பும் சேர்த்து ஏழு கேட்கலாம். பதினைந்து கேட்டால் நேரம் ஒதுக்குகிற குழு சிரிக்கும், மூன்று கேட்டால் அவள் அழுவாள்.

கூட்டு வேலையில் எனக்கு உண்மையான பயம் ஒன்று உண்டு. நிகோசியாக்காரர் பாதி வில்லையைச் செய்வார், எகிப்துக்காரர் பாதியைச் செய்வார், இரண்டு கல்வம், இரண்டு கை. அளந்து வந்தபின் வித்தியாசம் தெரிந்தால் அது கசடில் இருப்பதா, அரைத்த கையில் இருப்பதா? வில்லை முழுவதையும் ஒரே ஆய்வகம் செய்யட்டும். மற்றவர் மாதிரியும் பகுப்பாய்வும் தரட்டும். தரவு யாருடையது, கட்டுரையில் பெயர் எந்த வரிசையில் என்பதையும் கற்றை நேரத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடவேண்டும். அளவீடு நன்றாக வந்த பிறகு யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கூடிப் பேச நாள் பிடிப்பதே ஒரு வித்தை. எகிப்திலும் ஜோர்டானிலும் வெள்ளி, சனி விடுமுறை. சைப்ரஸில் சனி, ஞாயிறு. மிஞ்சுவது திங்கள் முதல் வியாழன். கடிகாரம் இன்னும் கூத்து. ஜோர்டான் 2022 முதல் நேரத்தை மாற்றுவதே இல்லை; சைப்ரஸ் மார்ச் கடைசி ஞாயிறன்று மாற்றும்; எகிப்து ஏப்ரல் கடைசி வெள்ளிக்கு மாற்றும். நடுவில் அந்த ஒரு மாதம் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் காலி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாலஸ்தீனத்திலிருந்து யாராவது சேர்ந்தால், அவர்கள் ஜோர்டான் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வரவேண்டும். பதற்றம் வந்தால் பாலம் மூடிவிடும். அவர்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டு டிக்கெட் போடவேண்டும்.

கடைசியாக, வெள்ளைப் பொடி. போரான் நைட்ரைடைச் சின்ன ஜிப் கவரில் போட்டுக் கைப்பையில் கொண்டுபோனால் விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். அழுத்தி முடித்த வில்லைகளை மட்டும், பெயரும் எடையும் எழுதி, பாதுகாப்புத் தாளோடும் செசமியின் அழைப்புக் கடிதத்தோடும் எடுத்துப்போகட்டும். பழங்காலக் கசடு பார்க்கக் கரிக்கட்டி மாதிரிதான் இருக்கும், ஆனால் சட்டப்படி தொல்பொருள். சைப்ரஸ் தொல்பொருள் துறையிடம் மாதிரி எடுக்கத் தனியாகவும் வெளியே கொண்டுபோகத் தனியாகவும் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும், கற்றை நேரம் கிடைத்த பிறகு விண்ணப்பித்தால் கைவீசிக்கொண்டுதான் போகவேண்டும்.

அவள் முதல் வில்லையைச் செய்ததும் எடையையும், உருப்பெருக்கியில் எடுத்த ஒரு படத்தையும் எனக்கு அனுப்பச் சொல். எடையை நாலாவது தசமம் வரை எழுதச் சொல், உன்னைப்போல “ஏறக்குறைய” என்று எழுதவேண்டாம். தாஸு உன்மேல் கோபமாக இருக்கிறான். அவனுக்கும் இரண்டு வரி போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்