மாடிக்கு வைஃபை

அன்புள்ள செல்வம்,

மாடியறை கட்டி முடித்ததும், மகள் அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கியதும் அறிந்து மகிழ்ச்சி. அங்கே வைஃபை எட்டவில்லை, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா என்று கேட்டாயே, அது வேண்டாம். கீழிருந்து வாங்குவதை அதே சேனலில் திருப்பி அனுப்புகிற வகையென்றால் வேகம் பாதியாகிவிடும். அலமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும், ஒரு கேபிள் இழுத்துவிடு. ஆனால் அதை ரவுட்டராக வேலை செய்ய விடாதே, வைஃபை தரும் கருவியாக மட்டும் இருக்கட்டும்.

கேபிளை அதன் இன்டர்நெட் போர்ட்டில் செருகினாலும் இணையம் வரும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்போது மாடியில் தனியாக இன்னொரு நெட்வொர்க் உருவாகிவிடும். மாடி போன் தேடினால் கீழே இருக்கிற பிரிண்டர் அகப்படாது. இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் இணையமே வராமலும் போகலாம்.

முதலில் பழையதை ரீசெட் செய்து, கணினியோடு மட்டும் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திற. முகவரியும் பாஸ்வேர்டும் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்றால், இதன் லேன் ஐபியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இதன் முகவரியை, 192.168.1.2 என்று மாற்றிச் சேமி. புது முகவரியில் மறுபடி நுழைந்து, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றையும் கீழுள்ளதைப் போலவே வை. சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைப்பது கடைசி வேலை. அதை முதலில் அணைத்தால் கணினிக்கு ஐபி கொடுக்க ஆளில்லாமல், உள்ளே போகவே முடியாது. அப்படி மாட்டிக்கொண்டால் கணினியில் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடு. கீழ் ரவுட்டரின் டிஎச்சிபி 192.168.1.100லிருந்து தொடங்கட்டும். இல்லையேல் அது 2ஆம் எண்ணை ஏதாவது போனுக்குக் கொடுத்துவிடும்.

பிறகு கீழ் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து மேல் ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள். மேலே இன்டர்நெட் போர்ட் காலியாகவே இருக்கட்டும். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். கேபிள் முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்பவர் நான்கு ஜோடிக் கம்பிகளையும் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார். இரண்டு ஜோடி மட்டும் போட்டால் கனெக்‌ஷன் வரும், வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி என்பதால் 3, 4 என்று வைத்தால் அக்கம்பக்கத்தோடு மோதும். பாஸ்வேர்டு இல்லாமலே பட்டனோ பின் எண்ணோ கொண்டு இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை இரண்டிலும் அணைத்துவிடு. அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிக்குள் உடைந்துவிடும் என்று 2011லேயே தெரிந்துவிட்டது.

வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்கு அனுப்பும்படி ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியூரிலிருந்து கேமரா தெரியவில்லை என்றாயே, கீழ் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை, அதாவது இணையப் பக்கத்து முகவரியை, பார். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார்கள் என்று பொருள். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் அழைப்பு உன் ரவுட்டரை எட்டவே எட்டாது. தனிப் பொது ஐபி கேட்டு வாங்கலாம். கிடைத்தாலும் கேமராவின் போர்ட்டை நேராகத் திறக்காதே. ரவுட்டரில் விபிஎன் வசதி, அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் தனிவழி, இருந்தால் அதன் வழியே பார்ப்பதுதான் பத்திரம்.

அந்த வேன் ஐபியின் முதல் இரண்டு பகுதிகளையும் ரவுட்டரின் மாடல் பெயரையும் எழுது. விபிஎன் அமைக்கும் விதத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ரவி