முகவரி ஒரு பக்கம், வேர்டு ஒரு பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், 'கூகுள் கான்டாக்ட்ஸில் உள்ள முகவரிகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கி வேர்டில் மெயில் மெர்ஜ் கொடுங்கள். இரண்டே நிமிடத்தில் உறைகள் தயார்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. சிஎஸ்வி என்பது விவரங்களைக் கமாவால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக்கோப்பு; மெயில் மெர்ஜ் என்பது பட்டியலில் உள்ள பெயர், முகவரிகளை வேர்டு ஒவ்வோர் உறையிலும் தானாக இட்டுத் தரும் வசதி. எழுதியவரின் முகவரிப் பட்டியலில் தமிழில் ஒரு பெயர்கூட இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கும் சங்கத்து அழைப்பிதழுக்கும் உறை அடிக்கிற எந்த டிடிபி மேசையிலும் அந்த வரி செல்லாது.

தாங்கள் அறியாததல்ல, கூகுள் தரும் கோப்பு யுடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை. அதில் 'க' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட். அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால், எக்செல் அதை விண்டோஸின் பழைய 1252 பட்டியலை, அதாவது ஒரு பைட்டுக்கு ஓர் ஐரோப்பிய எழுத்து என்ற கணக்கை வைத்துப் படித்துவிடுகிறது. மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்தாகின்றன: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஒரு கரும்புள்ளி. கண்ணம்மாவோ மாரிமுத்துவோ, எல்லாப் பெயரும் அந்த ஏயிலும் ஆரிலும்தான் ஆரம்பிக்கும். இதைப் பார்த்துப் பதறி 'ஃபாண்ட் இல்லை' என்று நாலு எழுத்துருவை நிறுவுகிறவர்கள் உண்டு. எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எக்செல்லைக் காலியாகத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் என்பதை (யுடிஎஃப்-8க்கு விண்டோஸ் வைத்த எண்) தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' பெட்டியில் 'டு நாட் டிடெக்ட்' என்று வைக்க வேண்டும்; அப்போது எண்களும் எழுத்தாகவே இறங்கும். இதை விட்டால் 91 சேர்த்த 12 இலக்கக் கைபேசி எண் 9.19E+11 என்று காட்சி தரும். எஸ்டிடி கோடின் முன்னால் உள்ள பூஜ்யம் போயே போய்விடும். டிடெக்ட் வேண்டாம் என்றதும் தலைப்பு வரிசை சாதாரண வரிசையாகக் கீழே இறங்கிவிடலாம். அப்படியானால் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' போய் 'யூஸ் ஃபர்ஸ்ட் ரோ அஸ் ஹெடர்ஸ்' அழுத்த வேண்டும். அழுத்தியதும் அது தானாகவே 'சேஞ்ச்டு டைப்' என்று ஒரு படியைச் சேர்த்து எண்களை மறுபடி கெடுக்கும். வலப்பக்கப் பட்டியலில் அந்தப் படியை மட்டும் அழித்துவிட்டு லோடு செய்ய வேண்டும். கட்டுரையாளரின் இரண்டு நிமிடம் இங்கேயே தீர்ந்தது. வேர்டை இன்னும் திறக்கவே இல்லை.

சேமிப்பதில்தான் பெரிய சேதம். அத்தனையும் சரியாக வந்த பிறகு, வழக்கம்போல் 'சிஎஸ்வி கமா டிலிமிட்டட்' என்று சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். ஏயும் ஆரும் தெரிந்தால் படித்ததில்தான் பிழை, மூலக்கோப்பு பத்திரமாக இருக்கிறது. கேள்விக்குறி தெரிந்தால் அந்தக் கோப்பில் தமிழ் அழிந்தே போயிற்று. மூலத்தை மறுபடி இறக்குவதைத் தவிர வழியில்லை. தங்கள் சந்தாப் பிரிவு அனுப்பும் உறைகளில் சந்தாதாரர் பெயர் கேள்விக்குறிகளாகவே வருகிறதே, அது இப்படிச் சேமித்ததன் அடையாளம்தான் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பின்கோடு ஒழுங்காக இருக்கிற புண்ணியத்தில் தபால்காரர் கொண்டு வந்து கொடுத்துவிடுகிறார். கணினிப் பக்கம் நடத்தும் பத்திரிகை, எக்செல்லின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமிக்கலாம்.

பின்கோடு என்றதும் இன்னொன்று. எக்செல் தாளை வேர்டு ஓஎல்இ டிபி என்ற தரவு இணைப்பு வழியாகப் படிக்கிறது. அந்த வழி முதல் 8 வரிசையைப் பார்த்து, இந்த நெடுவரிசை எண்ணா எழுத்தா என்று ஊகிக்கும். முதல் 8 பேருக்கும் 600004 என்று ஒட்டி எழுதி, ஒன்பதாமவருக்கு 600 017 என்று இடைவெளி விட்டிருந்தால், பின்னது எழுத்து என்று ஒதுக்கப்பட்டு உறையில் வெற்றிடமாகவோ பூஜ்யமாகவோ விழும். முன்னோட்டத்தில் முதல் நாலு உறையைப் பார்த்துவிட்டு அச்சுக்கு விடுகிறவர் கண்ணில் இது படாது. எல்லா நெடுவரிசையும் எழுத்தாகவே இறங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்காகத்தான் மேலே அத்தனை பாடு.

தங்கள் பக்கத்தில் எப்போதும் சிபாரிசு செய்யப்படும், முழு முகவரியையும் ஒரே சொடுக்கில் வைக்கிற வேர்டின் 'அட்ரஸ் பிளாக்' பொத்தானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற வெள்ளைக்காரக் கணக்கில் வார்த்தது. கு. இளங்கோ என்று ஒரே மூச்சில் தட்டினால் கூகுள் 'கு.' என்பதை முதற்பெயராக்கி, இளங்கோவைக் குடும்பப்பெயராக்கிவிடும். முதற்பெயரை வைத்து வாழ்த்து வரி போட்டால் 'அன்புள்ள கு.' என்று கடிதம் போகும். போதாததற்கு கூகுளின் 'அட்ரஸ் 1 - ஸ்ட்ரீட்' போன்ற தலைப்புகளை வேர்டு தானாக அடையாளம் காண்பதில்லை. 'மேட்ச் ஃபீல்ட்ஸ்' போய் ஒவ்வொன்றாகப் பொருத்துவதற்குப் பதில், அட்ரஸ் பிளாக்கை அடியோடு விட்டுவிட்டு 'இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்' வழியே வரிவரியாக வைப்பதே நிம்மதி.

எழுத்தளவு விஷயமும் அப்படியே. ஃபீல்டை (பெயரோ முகவரியோ வந்து விழும் இடத்தை) தேர்ந்து 14 என்று வைத்தாலும் தமிழ் மட்டும் 11இலேயே நிற்பதுண்டு. வேர்டுக்குத் தமிழ் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்', அதாவது ஆங்கிலத்திலிருந்து தனியாகக் கையாளப்படும் சிக்கலான எழுத்துமுறை. அதன் எழுத்துருவும் அளவும் தனி. கன்ட்ரோல்-டி அழுத்தி வரும் பெட்டியின் கீழ்ப்பாதியில் அதை மாற்ற வேண்டும்.

2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டாயிற்று. பட்டியல்களில் இன்னமும் பாதிப் பெயர் பாமினி, வானவில் என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. மெர்ஜ் எழுத்தை மட்டுமே எடுத்துவரும்; எக்செல்லில் போட்ட எழுத்துருவை எடுத்து வராது. ஒரே ஃபீல்டில் யூனிகோட் பெயருக்கு நிர்மலா என்ற யூனிகோட் எழுத்துருவும் அடுத்த உறையில் பாமினியும் அமையாது. ஆகவே மெர்ஜுக்கு முன்பே அந்த வரிசைகளைத் தனியாகப் பிரித்து, எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடாக்கியே தீர வேண்டும். இதைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்ததாக நினைவில்லை. எடுத்துக்காட்டுக்கு எப்போதும் ஒரு ஜான், ஒரு ஸ்மித். தமிழ்ப் பத்திரிகையில் தமிழ்ப் பெயரை வைத்துச் செய்துபார்த்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னிக்கவும்.

கட்டுரையாளர் மறுப்பு எழுத வேண்டாம், வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போதும்: 65001ஐத் தேர்ந்தெடுங்கள், எல்லா நெடுவரிசையையும் எழுத்தாக இறக்குங்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். ராசிபலனுக்கு நாலு பக்கம் போக இடம் மிஞ்சவில்லை என்றால் அந்த ஐந்து இலக்க எண்ணை மட்டுமாவது எங்காவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
டிடிபி தொழிலில் உள்ள ஒரு சந்தாதாரர்,
சிவகாசி