எயோதியாளும் சிந்திகேயாளும் – அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நேர்ல பேச வந்தா "அதை விடுப்பா"ன்னு பேச்சை மாத்திடுவீங்க, அதான் எழுதுறேன். நீங்களும் அந்த அக்காவும் பேசி ஆறு மாசம் ஆகப்போகுது. குயர்ல யாரு எந்தப் பாட்டை எடுக்கறதுன்னு ஆரம்பிச்சது இப்ப எங்கயோ போயி நிக்குது, அவங்க ஜெபிச்சா நீங்க ஆமென் சொல்றதில்ல, நீங்க ஜெபிச்சா அவங்க சொல்றதில்ல, சபையில எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் திறக்கல.

போன வாரம், அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின கடிதம் இருக்கே, அந்த பிலிப்பியர் நிருபத்தை ஒரே மூச்சுல படிச்சேன், நாலே அதிகாரம்தானே. "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்", இந்த வசனத்தை சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மனப்பாடமா சொல்லிக் குடுத்ததே நீங்கதான். ஆனா அதே நிருபத்துல நாலாம் அதிகாரம் ரெண்டாம் வசனத்துல எயோதியாள், சிந்திகேயாள்னு ரெண்டு பேரு வர்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. ரெண்டு பேரும் பவுல் கூட சேந்து சுவிசேஷத்துக்காக பாடுபட்டவங்க, இப்ப அவங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம். அதிகாரம் வசனம்னு பிரிச்சதெல்லாம் ரொம்ப பிற்பாடு வந்தது, அன்னைக்கு அது பிரிவே இல்லாம சபையில சத்தமா வாசிச்ச ஒரு முழுக் கடிதம். அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து, இயேசு தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்தாருன்னு கேட்டுட்டே வந்திருப்பாங்க, திடீர்னு தங்களோட பேரே வந்தா எப்படி இருந்திருக்கும்!

பவுல் யாரு பக்கம் நியாயம்னு ஒரு வார்த்தை சொல்லல அக்கா. சங்கிலியில கட்டுண்டு கிடக்குறப்ப எழுதுறாரு, இருந்தும் ரெண்டு பேரையும் தனித்தனியா பேர் சொல்லி புத்தி சொல்றாரு.

உங்க பக்கம் நியாயம் இருக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா மத்தேயு 5-ல இயேசு சொன்னதை மெதுவா படிச்சுப் பாருங்க, காணிக்கையோட பலிபீடத்துக்கு வந்தப்ப உன் சகோதரனுக்கு உன்பேர்ல குறை உண்டுன்னு நினைவு வந்தாங்கறாரு. உனக்கு அவன்மேல குறை இருந்தான்னு சொல்லல. காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகுன்னு சொல்றாரு. யாரு தப்புன்னு பாத்துட்டு அதுக்கப்புறம் போன்னு அங்க இல்லவே இல்ல.

தாழ்மைன்னா மிதிக்கிறவங்க காலடியில கிடக்கறதுன்னு நான் சொல்ல வரல. ஒருத்தர் கொடுமைப்படுத்தினா அது வேற விஷயம், அதை சகிச்சுக்கோன்னு யார் கிட்டயும் சொல்லவே மாட்டேன். யோவான் 13-ல இயேசு துண்டைக் கட்டிக்கிட்டு சீஷர் காலைக் கழுவறதுக்கு முன்னாடி ஒரு வசனம் வருது, பிதா எல்லாத்தையும் தம்ம கையில குடுத்திருக்காருன்னும், தாம் தேவன்கிட்ட இருந்து வந்தோம்னும் அவருக்குத் தெரியும். தான் யாருன்னு தெரிஞ்சதால குனிய முடிஞ்சுது. அந்த ராத்திரி கழுவுன காலுங்கள்ல யூதாஸோட காலும் இருந்துச்சு, அவன் எழுந்து போனது அதுக்குப் பிறகுதான். காட்டிக்குடுக்கப் போறவன்னு தெரிஞ்சேதான் கழுவுனாரு. இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கண்ணு கலங்குது.

இன்னொன்னு சொல்லணும், இது என்னைப் பத்தி. அந்த ரெண்டு பேர் பேருக்கு அடுத்த வசனத்துல பவுல் "உத்தம கூட்டாளியே"ன்னு ஒருத்தரைக் கூப்பிட்டு, நீ இவங்களுக்கு உதவியா இருன்னு கேக்கறாரு. அந்த ஆள் பேரு கூட அதுல இல்ல. நான் என்ன பண்ணேன், நீங்க அவங்களைப் பத்தி சொன்னப்ப ஆமான்னேன், அவங்க உங்களைப் பத்தி சொன்னப்பவும் ஆமான்னேன், ரெண்டு பேருக்கும் நல்லவனா இருந்துக்கலாம்னு பாத்தேன், அதுல உங்க ரெண்டு பேர் கோபமும் இன்னும் கூடிச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க அக்கா, நீங்க எதுவும் பேச வேணாம், சும்மா என் பக்கத்துல உக்காருங்க. முதல்ல நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுடறேன்.

உங்க தம்பி