அசையாமல் இருந்த கைகளுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கு, அக்காமாருக்கு, தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து பெங்களூரு வந்த பெரியவர்களுக்கு,

தசை தானாக முறுக்கும் நோயைப் பற்றிய என் ஆய்வேட்டைப் போன வாரம் சமர்ப்பித்துவிட்டேன். அதில் நன்றியுரை ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலம். ஆய்வு விதிப்படி உங்கள் பெயரும் அதில் வரக்கூடாது. அதனால்தான் தனியாக இந்தத் தமிழ் மடல். இங்கேயும் பெயர் போட மாட்டேன். படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

நான் உங்களிடம் கேட்டது சின்ன உதவி இல்லை. கை தானாக முறுக்கிக்கொள்கிறது, கழுத்து ஒரு பக்கமாக இழுக்கிறது, விரல் நிற்காமல் நடுங்குகிறது என்று வைத்தியத்துக்கு வந்தவர்கள் நீங்கள். உங்களைப் பார்த்து, "கையைத் தளர்த்தி அசையாமல் வையுங்கள்" என்றேன். அது எவ்வளவு கடினம் என்பது முதல் சில மாதங்களில் எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் நாள் ஓர் அக்கா கேட்டார், "தலைக்குள்ள கரண்ட் விடுவீங்களா கண்ணு?" அவர் மனதில் இருந்தது ஷாக் வைத்தியம். அதுவேறு, இதுவேறு என்று எப்படிச் சொல்லியும் அவருக்குப் பயம் போகவில்லை. அப்புறம் எட்டு வடிவக் காந்தச் சுருளை என் தலையில் நானே வைத்துக் காட்டினேன். சொடுக்குப் போட்டதுபோல ஒரு சத்தம்; என் ஆள்காட்டி விரல் துள்ளியது. "எனக்கு வர்ற மாதிரியே உனக்கும் வருதே!" என்று சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து வந்த எல்லோருக்கும் முதலில் என் விரலைத்தான் காட்டினேன். அந்த வழக்கம் அக்கா கொடுத்தது.

அது வேலை செய்யும் விதத்தை அன்று அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. வேகமாக மாறும் காந்தப்புலம் பக்கத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831-லேயே ஃபாரடே கண்டார். மண்டையோடு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. அதனால் தோலைக் கீறாமல், கையை இயக்கும் மூளைப்பகுதியை வெளியிலிருந்தே தூண்ட முடிகிறது. 1985-ல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் இதை முதன்முதலில் செய்து காட்டினார்கள்.

நாங்கள் பார்த்தது மூளையின் பிரேக்கை, அதாவது தசையை அளவுக்கு மீறித் துள்ளவிடாமல் அடக்கும் வேலையை. முதலில் சுருளிலிருந்து ஒரு மெல்லிய காந்தத் துடிப்பு. இரண்டு மூன்று மில்லிவினாடி கழித்து ஒரு வலுவான துடிப்பு. மெல்லியது மூளையின் பிரேக்கைத் தட்டி எழுப்பும். அடுத்து வரும் துடிப்புக்குத் தசை குறைவாகவே துள்ளும். 1993-ல் வந்த முறை இது. தசை தானாக முறுக்கும் டிஸ்டோனியாவில் இந்த பிரேக் பெரும்பாலும் தளர்ந்திருக்கிறது. ஆனால் கை கொஞ்சம் இறுகியிருந்தாலும் பிரேக் தளர்ந்ததுபோலவே பதிவாகிவிடும். அதனால்தான் அத்தனை தடவை "தளர்த்துங்கள், தளர்த்துங்கள்" என்று உங்களைப் படுத்தினேன். ஸ்பீக்கரில் தகரக் கூரைமேல் மழை பெய்வதுபோல் கேட்டதே, அது உங்கள் தசையின் மின்சைகை, சத்தமாக மாறிக் கேட்டது. கண்ணை மூடி, மூச்சை மெல்ல விட்டு, அந்த மழையை நீங்களே நிறுத்தினீர்கள். சிலருக்கு அதற்கு அரை மணி நேரம்கூட ஆனது.

சிலருக்கு அந்த மழை நிற்கவே இல்லை. அவர்களுடைய பதிவுகளைக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. ஆனால் அவர்கள் உழைப்பு மற்றவர்களுடையதைவிடக் கூடுதல். அவர்களில் ஒரு பெரியவர் போகும்போது "என்னால உனக்கு வேலை கெட்டுச்சா பாப்பா?" என்று கேட்டது இன்னும் எனக்கு வலிக்கிறது. கெடவில்லை, ஐயா.

பேனா பிடித்தால் மட்டும் கை முறுக்கும் ஓர் அண்ணன் இருந்தார். சாப்பிடலாம், ஸ்கூட்டர் ஓட்டலாம், கையெழுத்துதான் வராது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு வங்கி அவர் செக்கைத் திருப்பி அனுப்பியிருந்தது. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் பேச்சு வேறு. வலது கையில்தான் தொல்லை, ஆனால் மூளையின் இரண்டு பக்கமும் பிரேக் தளர்ந்திருக்கலாம் என்பதால் இடது கைக்கும் சோதனை வேண்டும் என்றேன். அதற்கென்று இன்னொரு நாள் லீவு போட்டு வந்தார். இந்தச் சோதனையை மட்டும் வைத்து நோயின் காரணத்தை முடிவு செய்ய முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். "இடது கையில எழுதிப் பழகினா அதுக்கும் வந்துடுமா?" என்றார். சிலருக்கு வரும், பலருக்கு வராது. அண்ணா, நீங்கள் பழகத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்.

அப்புறம் அல்சூர் ஏரிக்கரைக்காரர்கள். நோயில்லாத, அதே வயதுக்காரர்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றபோது யாரிடம் போவதென்று தெரியாமல், காலை நடைக்கு வருபவர்களிடம் திருவள்ளுவர் சிலைப் பக்கம் நின்று கேட்டேன். பேஸ்மேக்கர் உண்டா, தலையில் உலோகம் உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று முன்பின் தெரியாத பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். ஹேர்பின்னைக் கழற்றி, மல்லிகையை டிபன் பாக்ஸில் பத்திரப்படுத்திவிட்டு, சுருள் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் நீச்சல் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அத்தை, மறுவாரம் தன் தோழிகளையும் கூட்டி வந்தார்.

சுருள் சூடாகி எந்திரம் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் காத்திருந்தவர்களுக்கு டீ வாங்கி வந்து, என் அரைகுறைக் கன்னடத்தையும் திருத்திய டெக்னீஷியன் அண்ணனுக்கும் நன்றி. நடுக்கம் அதிகமாகி பஸ் ஏற முடியாத பெரியவரை சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டு, காசு வாங்க மறுத்த சிவாஜிநகர் ஆட்டோக்காரருக்கும்.

உங்கள் ஒவ்வொருவரின் பதிவிலும் ஒரு பிரதி எடுத்து, தமிழில் விளக்கம் எழுதி, தனித்தனி உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் ஒரு போன் செய்தால் போதும், தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆய்வு மாணவி
பெங்களூரு